‘பத்துதா?’ என்று கேட்டவள்

பத்தலைங்க. இந்த ஒரு சொல்லை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆரணியைச் சுற்றி இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தேன். வாசலில் என் குடையைப் பார்த்ததும், நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே உள்ளேயிருந்து குரல் வந்துவிடும்: பாலு பத்தலைங்க. பிறந்து மூன்று நாளான குழந்தையின் அம்மா சொல்வாள். ஐந்து மாதக் குழந்தை கொழுகொழுவென்று மடியில் உட்கார்ந்து, கடைவாயில் பால் வழிய என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதன் அம்மாவும் அதையே சொல்வாள். மாமியார் சொல்வாள், நாத்தனார் சொல்வாள், பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறவளும் சொல்வாள். ஒருமுறை குழந்தையின் அப்பாவே சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது இதற்கென்றே தனிப் படிப்பு இருக்கிறதாம். சென்னையில் ஏசி அறை போட்டு உட்கார்ந்து, தாய்க்கும் குழந்தைக்கும் பால் கொடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். நல்ல விஷயம்தான். எங்களுக்குத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வாரப் பயிற்சியும் ஒரு பிளாஸ்டிக் பொம்மையும் கொடுத்தார்கள். குழந்தை வாயை அகலத் திறக்க வேண்டும், காம்பு மட்டும் போனால் போதாது, கறுப்பு வட்டமும் உள்ளே போக வேண்டும், தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பொம்மைக்கு வாயே கிடையாது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் நானும் சேவூர்ப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்பக் கட்டுப்பாடு என்று ஒரு நர்ஸுக்கு ஆயிரம் வேலை. ஆனால் பயிற்சியில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் கேள்வி கேட்டுத் தொலைத்துவிட்டேன் போலிருக்கிறது. பால் சம்பந்தமான எல்லாம் என் தலையில் விழுந்தது. காம்பில் வெடிப்பா, மார்பில் கட்டியா, குழந்தை பிடிக்க மாட்டேன் என்கிறதா, ‘அந்தப் பால்கார நர்ஸம்மாவைக் கூப்பிடு’ என்பார்கள். என் வீட்டுக்காரர் வந்தவாசி பஸ்ஸில் கண்டக்டர். நான் சாயங்காலம் காலைத் தேய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், “பால்காரம்மா வந்தாச்சா, இன்னிக்கு எத்தினி லிட்டரு?” என்பார். முதல் இரண்டு வருஷம் சிரித்தேன். அப்புறம் சிரிக்கவும் சோம்பலாக இருந்தது.

நான் சண்டை போடாத வீடு கிடையாது. முதல் மூன்று நாள் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விடுவார்கள். அதற்குப் பதில் குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு ஒருவன் வருவான், அவனிடம் ஒரு சங்கு கழுதைப்பால் வாங்கி ஊற்றினால் குழந்தைக்கு நல்ல குரல் வருமாம். ஊற்றாத குழந்தைகளே ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தன, அதை யாரும் பார்க்கவில்லை. பெற்றவளுக்குத் தண்ணீர் தர மாட்டார்கள். தண்ணீர் குடித்தால் பால் நீர்த்துப் போய்க் குழந்தைக்குச் சளி பிடிக்குமாம். தொண்டை காய்ந்து கிடக்கிறவளிடம் பால் எங்கிருந்து வரும் என்று தலையில் அடித்துக்கொள்வேன். போதாததற்கு எங்கள் துறையே என் காலை வாரியது. முதலில் நாலு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல் என்றார்கள். பிறகு ஆறு மாதம் என்றார்கள். “அப்ப நாலுன்னே, இப்ப ஆறுன்ற. அடுத்த வருசம் எட்டுன்னுவியா?” என்று ஒரு மாமியார் கேட்டாள். அவள் கேட்டதில் ஒன்றும் தப்பில்லை.

அந்தப் ‘பத்தல’ என்ற சொல்லை நான் நம்புவதை எப்போதோ விட்டுவிட்டேன். அநேகமாக அது பாலைப் பற்றிய பேச்சே இல்லை. தூக்கம் பத்தாதவள், சோறு பத்தாதவள், ஒரு நல்ல வார்த்தை பத்தாதவள் எல்லோரும் அதைப் பால் என்ற பேரில் சொல்வார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம்தான் வரும். “மாட்டுக்குப் பத்துது, ஆட்டுக்குப் பத்துது, உனக்கு மட்டும் பத்தலியா?” என்று கேட்டுவிடுவேன். வெளியே வந்ததும் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். அடுத்த வீட்டிலும் அதையேதான் கேட்பேன்.

அதனால் நான் வாயைக் கேட்பதில்லை, கொடியைப் பார்ப்பேன். பால் பத்துகிற குழந்தை ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைக்கும். கொல்லையில் கொடியில் காயும் சின்னத் துணிகளை எண்ணிவிட்டு உள்ளே போனால், அம்மாவும் மாமியாரும் என்ன சொன்னாலும் எனக்கு உண்மை தெரிந்துவிடும். பையில் ஒரு தொங்கு தராசும் இருக்கும். உத்தரத்தில் கொக்கியை மாட்டி, துணித் தொட்டிலில் குழந்தையைப் போட்டால் முள் சொல்லிவிடும். கொடியும் முள்ளும் பொய் சொல்லாது என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் பெருமையாகச் சொல்வேன். அப்படிச் சொன்ன நான்தான் துணியை எண்ணாமல், முள்ளையும் பார்க்காமல் ஒரு வாசலோடு திரும்பினேன்.

நெசவுத் தெருக்களில் என் வேலை இன்னும் கஷ்டம். தறிக்குக் கீழே ஒரு குழி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். இறங்குவதும் ஏறுவதும் ஒரு பாடு. குழந்தை அழுதால், நூலோடு குறுக்கே ஓடும் நாடாவை நிறுத்தி, கையைத் துடைத்து, குழியிலிருந்து ஏறி, கொடுத்துவிட்டு மறுபடி இறங்க வேண்டும். அந்த வேலைக்குப் பயந்தே பால் கொடுப்பதை நாளுக்கு மூன்று வேளையாக்கிவிடுவார்கள், என்னவோ குழந்தைக்கும் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் பசிக்கும் என்கிற மாதிரி. கொடுக்கக் கொடுக்கத்தான் ஊறும் என்று வாய் வலிக்கச் சொல்வேன். தலையை ஆட்டுவார்கள். தலை ஆடும்போதே கால் தறியை மிதிக்கும்.

நான் வாசலோடு திரும்பிய அந்த நெசவு வீட்டுப் பெண்ணுக்கு இருபது இருபத்தொரு வயது இருக்கும். தாய் இல்லாதவள். தலைப் பிரசவத்துக்குப் போக அம்மா வீடு இல்லை என்று புருஷன் வீட்டிலேயே இருந்துகொண்டாள். பெண் குழந்தை, பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ. ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது. மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது சரியாகத்தான் குடித்துக்கொண்டிருந்தது. அதிகம் பேசாத பெண். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அப்படிப்பட்டவர்களை எனக்குப் பிடிக்கும். என் நேரத்தைச் சாப்பிட மாட்டார்கள்.

இரண்டாவது தரம் நான் அந்த வீட்டுக்குப் போனது ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. குழந்தைக்கு இருபது நாள். ஆவணி முகூர்த்தத்துக்காகத் தெரு முழுக்கத் தறிகள் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆடிக் காற்று குடையை மடக்கிப் போட்டு, மண்ணை வாயில் கொட்டியது. காலையிலிருந்து பத்து வீடு முடித்திருந்தேன். பத்து வீட்டிலும் பத்தல. இடது குதிகால் தரையில் வைக்க முடியாமல் வலித்தது. சீக்கிரம் முடித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர என் தலையில் வேறு எதுவும் இல்லை. அதை இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது.

அவர்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் புருஷன், இன்னொன்றில் அவள். இருபதே நாளில் தறியில் உட்கார்ந்துவிட்டாளே என்று எரிச்சலாக இருந்தது, ஆனால் அதற்கு ஒரு சண்டை போடத் தெம்பு இல்லை. இரண்டு தறியும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்தக் கூடத்தில் இடி இடித்தாலும் கேட்காது. மாமியார் கடைக்குப் போயிருந்தாள். தறிக்குப் பக்கத்தில் உத்தரத்தில் தூளி தொங்கியது, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் நிலைப்படியில் நின்றபடியே, ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து, சத்தமாகக் கேட்டேன்.

“பாலு பத்துதாம்மா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கை நிற்கவில்லை.

“பத்துதுங்க. இன்னும் ரெண்டுக்கு வரும்.”

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. பத்துதுங்க. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தி பத்துது என்கிறாள், அதுவும் இன்னும் இரண்டு குழந்தைக்கு வருமாம். எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துபோனது. “கொயந்த அய்வுதா?” என்று கேட்டேன். “அய்வறதே இல்லீங்க, நல்லாத் தூங்குது” என்றாள். தூங்குகிற குழந்தையை எழுப்ப வேண்டாம் என்று தராசை எடுக்கவில்லை. கூடத்தைத் தாண்டிக் கொல்லையில் தெரிந்த கொடியைப் பார்த்தேன். அதில் சாயம் போட்ட பட்டு நூல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது, சிவப்பும் பச்சையுமாக. குழந்தைத் துணி ஒன்றும் இல்லை. சாயம் ஒட்டிவிடும் என்று வேறு எங்கோ காயப்போட்டிருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். நோட்டில் அவள் பேருக்கு நேரே ‘தாய்ப்பால் போதுமானது’ என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன், அது வேறு.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் போன இடமெல்லாம் அவளைப் பற்றித்தான் பேச்சு. “அந்தத் தெருவில ஒரு பொண்ணு கீது. அம்மா இல்லாத பொண்ணு. தறியும் நெய்துகினு, கொயந்தைக்கும் கொடுத்துகினு, ரெண்டு புள்ளைக்குப் பத்தும்னு சொல்றா. உங்களுக்கு இன்னா கேடு?” என்று வீடு வீடாகக் கேட்டேன். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த புதன்கிழமை தடுப்பூசி நாள். அங்கன்வாடியில் உட்கார்ந்திருந்தேன். அந்த மாமியார் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஊசிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றேன்.

“ஊசிக்கு இல்ல நர்ஸம்மா. கொயந்த நல்லாத்தான் தூங்குது. ஆனா மூஞ்சி கெயவி மாரி சுருங்கிகினு போவுது. இன்னான்னு பாரு.”

துண்டை விலக்கினேன். உச்சிக்குழி உள்ளே வாங்கியிருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து விட்டேன், பிடித்த மடிப்பு அப்படியே நின்றது. வாயில் விரலை வைத்தேன், சப்பக்கூடத் தெம்பு இல்லை. தராசில் போட்டால் முள் இரண்டரையைத் தொடவில்லை. பிறந்த எடையைவிடக் குறைவு, பிறந்து நாலு வாரம் கழித்து. பசியில் அழுது அழுது, பிறகு அழவும் முடியாமல் கிடந்திருக்கிறது. அதைத்தான் நல்லாத் தூங்குது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். “ஜல்தியா ஒரு ஆட்டோ கூப்பிடுங்க” என்று ஆயாம்மாவிடம் சொன்னேன். அந்தக் குழந்தை வழியிலேயே போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு நரம்பு கிடைக்கவே வெகுநேரம் ஆனது. தலையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதற்குள் புருஷனும் அவளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவள் கட்டியிருந்த புடவையில் பட்டு நூல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. டாக்டரம்மா என் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

“போன வாரம் நீங்க போயிருக்கீங்களே சிஸ்டர். பால் போதும்னு எழுதியிருக்கு?”

“அவதான் சொன்னா மேடம்” என்றேன்.

இந்த வேலையில் நான் சொன்ன எல்லா வார்த்தைகளிலும் திரும்ப வாங்கிக்கொள்ள நினைப்பது இதைத்தான். அதோடு நிற்கவில்லை. பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அவளிடம் திரும்பினேன். “ஏன்டி பொய் சொன்னே? பத்தலைன்னு ஊரே சொல்லுது, உனக்கு மட்டும் இன்னா கவுரவம்? ரெண்டுக்கு வரும்னு சொன்னியேடி” என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் புரியாத பார்வை. பிறகு குனிந்துகொண்டாள். மாமியார் ஆரம்பித்தாள். “வாயைத் தொறந்து ஒண்ணு சொல்ல மாட்டா இவ. கல்லு மாரி உக்காந்துகினு இருப்பா.” புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று மத்தியானம் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்ப் பாலைக் கையால் பீய்ச்சி எடுக்க முடிகிறதா என்று பார்த்தேன். ரவிக்கையைத் தளர்த்தினால் உள்ளே ஒரு துண்டு, மார்பை இறுக்கிச் சுற்றி முதுகில் முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சு அவிழவில்லை, கத்தரிக்கோல் வைத்து வெட்ட வேண்டியிருந்தது. தோலில் வரிவரியாகத் தழும்பு.

“இது எதுக்கு?”

“பாலு சொட்டுதுங்க. பட்டுல பட்டா கறை போவாது. கடையில பொடவைய எடுக்க மாட்டாங்க.”

அந்தத் தெருவில் பிள்ளை பெற்று உடனே தறியில் இறங்குகிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டிக்கொள்வார்களாம். மூன்று வருஷமாக அந்தத் தெருவில் நடக்கிறேன், எனக்குத் தெரியாது. கட்டிப்போட்டால் இரண்டு வாரத்தில் பால் வற்றிவிடும் என்று அவர்களுக்குத் தெரியாது. அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒரு பக்கம் நாலு சொட்டு, இன்னொரு பக்கம் அதுவும் இல்லை. அந்த நாலு சொட்டையும் பாலாடையில், குழந்தைக்குப் பால் புகட்டும் சின்னக் கிண்ணத்தில், பிடித்துக்கொண்டேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நர்ஸம்மா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“பாலு பத்துதுன்னு நான் எப்பங்க சொன்னேன்?”

எனக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. “அன்னிக்கி வாசல்ல நின்னு கேட்டேன் இல்ல? பத்துதுங்க, இன்னும் ரெண்டுக்கு வரும்னு சொல்லல?”

அவள் ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அது பாவுங்க.”

“எது?”

“நீங்க பாவு பத்துதான்னு கேட்டீங்கன்னு நெனச்சேன். தறிச் சத்தத்துல அப்டித்தான் காதுல வுயிந்துது. இன்னும் ரெண்டு பொடவைக்கு வரும்னு சொன்னேன்.”

தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் நூல்தான் பாவு. ஒரு பாவு தீர்கிற சமயத்தில், அது கடைசிப் புடவைக்குப் பத்துமா பத்தாதா என்பதுதான் அந்த வீடுகளில் பெரிய பேச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பாலு, பாவு. நானும் இரண்டையும் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தறி ஓடும் கூடத்தில், நிலைப்படியில் நின்று கத்தினால் யாருக்கும் ஒன்றாகத்தான் கேட்கும்.

“நான் எதுக்கும்மா பாவைக் கேக்கப்போறேன்? நான் நர்ஸு.”

“வர்றவங்க எல்லாரும் அதத்தாங்க கேக்கறாங்க” என்றாள். “பாவு எடுத்தாந்து குடுத்தவரு கேட்டாரு. மாமா கேட்டாரு. எங்க வூட்டுக்காரரு தெனம் கேக்கறாரு. நீங்களும் அதான் கேக்கறீங்கன்னு நெனச்சேன். பாலைப் பத்தி யாருனா கேப்பாங்கன்னு தோணவே இல்லீங்க.”

“பாலைத்தான் கேக்கறேன்னு தெரிஞ்சிருந்தா?”

“பத்தலைன்னு சொல்லியிருப்பேன்.”

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் பாலாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பொய்யாகச் சொன்னவர்கள் எல்லோரும் என் காதில் விழுந்தார்கள். உண்மையிலேயே பத்தாத ஒருத்தியிடம் நான் காது கொடுக்கவே இல்லை. நிலைப்படியைத் தாண்டித் தறிப் பக்கம் நாலு அடி நடந்து போயிருந்தால் போதும்.

இதை அன்றே எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க மென்று விழுங்கினேன். அதற்குள் வார்டில் மற்றப் பெண்கள் அவளைப் ‘பொய் சொல்லிக் கொயந்தைய வாட்டினவ’ என்று பேசிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் டாக்டரம்மா வந்து போகும் நேரத்தில், மாமியாரும் புருஷனும் இருக்கும்போது சொன்னேன். இந்தப் பெண் பொய் சொல்லவில்லை, பாவைக் கேட்பதாக நினைத்துப் பதில் சொன்னாள், நான்தான் வாசலோடு கேட்டுவிட்டுப் போனேன், துணியையும் எண்ணவில்லை, எடையும் பார்க்கவில்லை என்றேன். டாக்டரம்மா, “நோட்டில திருத்தி எழுதிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மாமியார் விடவில்லை. “பாலுக்கும் பாவுக்கும் வித்தியாசம் தெரியாம இன்னா நர்ஸம்மா நீ” என்றாள். புருஷன்தான் முதல்முறையாக வாயைத் திறந்தான். “நானும் பக்கத்துத் தறியிலதாங்க இருந்தேன். எனக்கும் பாவுன்னுதான் கேட்டுது” என்றான். சொல்லிவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டான்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். டப்பாப் பாலைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், அந்தக் குழந்தைக்கு என் கையாலேயே டப்பாப் பால் கலக்கிப் பாலாடையில் ஊற்றினேன். வேறு வழி இல்லை. அதைப் பார்த்த ஒரு மாமியார், “இதுக்குத்தான் எங்கள அந்தப் பேச்சு பேசினியா” என்று முகத்துக்கு நேரே கேட்டாள். நான் குனிந்து பாலைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். பெற்றவளுக்குச் செம்பு செம்பாகத் தண்ணீர் கொடுத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையை மார்பில் போட்டோம். குழந்தை பிடிக்கும், விடும், தூங்கும், மறுபடி எழுப்புவோம். நாலு சொட்டு பத்துச் சொட்டானது, பத்துச் சொட்டு அரைப் பாலாடையானது. ஐந்தாம் நாள் அது அழுதது. அழுதது என்று சொல்கிறேனே, கத்தியது. கழுதைப்பால் குடிக்காமலே அப்படியொரு குரல். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. நெசவு வீட்டுக்குப் போனால் முதலில் தறியை நிறுத்தச் சொல்வேன். நிறுத்த மாட்டார்கள், முணுமுணுப்பார்கள், நிற்கும் வரை நானும் பேச மாட்டேன். குழி ஓரத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வேன். பத்துதா என்று கேட்பதை விட்டுவிட்டேன். “காலைலேந்து எத்தினி துணி நனைச்சுது, கொண்டாந்து காட்டு” என்பேன். மார்பில் துண்டு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். இறுக்கிக் கட்டாதே, மடித்த பழைய வேட்டித் துணியை ரவிக்கைக்குள் வைத்துக்கொள், பட்டில் படாது என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்கு எந்தப் பயிற்சியிலும் பாடம் இல்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு பார்த்த இடத்தில் ஏழு எட்டு வீடுதான் முடிந்தது. மேலதிகாரி மேடம் மாதக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்டார். கால் வலி மேடம் என்றேன். அதுவும் உண்மைதான். தரையில் உட்கார்ந்து எழுந்து எழுந்து முட்டியும் போயிற்று.

பத்தல என்று சொல்கிறவர்கள் குறையவில்லை. அலுப்பும் குறையவில்லை. ஆனால் மாட்டுக்குப் பத்துது, ஆட்டுக்குப் பத்துது என்ற பேச்சு என் வாயில் அதற்குப் பிறகு வரவில்லை. வருகிற மாதிரி இருந்தால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பேன்.

ஐந்து வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது, பையன். இருபதாம் நாள் வாக்கில் போனேன். அதே வீடு, அதே இரண்டு தறி. வாசலில் ஒரு பெண் குழந்தை முறுக்கு கடித்துக்கொண்டு நின்றது. மெலிந்த உடம்புதான், ஆனால் கண் துறுதுறுவென்றிருந்தது. “யாரு நீ?” என்று என்னைக் கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் உள்ளே தறி நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை, அவளே நிறுத்தினாள். பக்கத்துத் தறியைப் பார்த்து, “கொஞ்சம் நிறுத்துங்க” என்றாள். புருஷன் தறியும் நின்றது. அந்தக் கூடத்தில் அவ்வளவு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை.

குழியிலிருந்து ஏறி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

“பாலு பத்துதுங்க நர்ஸம்மா. பாவுதான் பத்தல.”

புருஷன் தறியிலிருந்து சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. பெரிய மகள் முறுக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

இருந்தாலும் தூளியிலிருந்து பையனை எடுத்து எடை பார்த்தேன். பிறகு கொல்லைப் பக்கம் போய்க் கொடியை எண்ணினேன். எட்டுத் துணி இருந்தது.